விவிலியத்தில் ஒதுக்கப்பட்டவர்கள்: கேள்வி பதில்

ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, எரிகோ ஊர் ராகாப் ஒரு வேசி. ராஜாவின் ஆட்களிடம் பொய்யும் சொன்னாள். விசுவாச வீரர்களைப் பட்டியலிடும் எபிரெயர் 11-இல் ஆபிரகாம், மோசே வரிசையில் அவளுக்கு எப்படி இடம் கிடைத்தது?

யோசுவா 2-ஐ நிதானமாகப் படியுங்கள். இஸ்ரவேலருக்கு முன்பாகச் செங்கடல் வற்றியதும், சீகோன், ஓகு என்ற இரண்டு ராஜாக்கள் அவர்களால் அழிந்ததும் எரிகோ முழுவதற்கும் தெரியும். எல்லோருக்கும் பயம். ஊர் என்ன செய்தது? வாசலை அடைத்துக்கொண்டது. அதே செய்தியைக் கேட்ட ராகாப், யோசுவா அனுப்பிய இஸ்ரவேல் வேவுகாரர் இருவரைக் கூரைமேல் சணல் தட்டைக்குள் ஒளித்துவைத்தாள். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். எபிரெயர் 11 அவள் பொய்யைப் பற்றிப் பேசவே இல்லை. வேவுகாரரை ஏற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறது. நிருபம் எழுதிய யாக்கோபும் கிரியையுள்ள (செயலில் காட்டும்) விசுவாசத்துக்கு ஆபிரகாமுக்கு அடுத்தபடியாக அவளைத்தான் காட்டுகிறார்.

எரிகோ அழிந்தபோது ராகாப் உயிர் தப்பினாள், சரி. இஸ்ரவேலர் அவளை உண்மையிலேயே சேர்த்துக்கொண்டார்களா?

உடனே இல்லை. யோசுவா 6:23-இல் அவளையும் குடும்பத்தையும் பாளயத்துக்கு வெளியேதான் தங்கவைக்கிறார்கள். இரண்டு வசனம் தள்ளி, அவள் இஸ்ரவேலின் நடுவில் குடியிருக்கிறாள் என்று வருகிறது. மத்தேயு முதல் அதிகாரத்தில் அவள் போவாஸின் தாய். அந்தப் போவாஸ் மணந்த ரூத் மோவாபியப் பெண். பத்தாம் தலைமுறையானாலும் மோவாபியர் சபைக்குள் வரக்கூடாது என்பது உபாகமம் 23. ரூத்தின் கொள்ளுப்பேரன்தான் தாவீது!

யோசுவா 7-ஐயும் சேர்த்தே படியுங்கள். யூதா கோத்திரத்தில் பிறந்த ஆகான், எரிகோவின் கொள்ளையில் வெள்ளியையும் பொன்னையும் திருடிப் புதைத்துவைத்து அழிந்துபோகிறான். வெளியே இருந்தவள் உள்ளே வந்த கதையும் உள்ளே இருந்தவன் வெளியே போன கதையும் அடுத்தடுத்து நிற்கின்றன. பிரசங்கங்களில் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

பெரும்பாடுள்ள (உதிரப்போக்கு நிற்காத) ஸ்திரீ ரகசியமாகத்தானே வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள்? "என்னைத் தொட்டது யார்" என்று அவர் கூட்டத்தில் கேட்டது அவளை அவமானப்படுத்துவது ஆகாதா? ஒரு பெண்ணாகக் கேட்கிறேன் பிரதர்.

நியாயமான கேள்வி, சிஸ்டர். லேவியராகமம் 15-இன்படி அவள் தீட்டு. அவள் படுக்கையைத் தொட்டவருக்கும் தீட்டு. 12 வருஷம் அப்படி. கையிலிருந்ததெல்லாம் வைத்தியருக்குப் போனது, நோய் அதிகமானதுதான் மிச்சம் என்கிறார் மாற்கு. (வைத்தியர் என்று சொல்லப்படும் லூக்கா அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டார்!)

தொட்ட கணத்திலேயே உடம்பு குணமாகிவிட்டது. அப்படியே போயிருந்தால்? ஊருக்கு அவள் இன்னமும் தீட்டுக்காரிதான். குணமானது யாருக்குத் தெரியும்? கூட்டத்துக்கு முன்னால் சொல்லவைத்ததால்தான் அவள் திரும்ப மனுஷர் நடுவில் நடமாட முடிந்தது என்று நான் படிக்கிறேன். இயேசு அவளை "மகளே" என்கிறார். சுவிசேஷங்களில் வேறு எந்தத் தனிப் பெண்ணையும் அவர் அப்படிக் கூப்பிடவில்லை. பக்கத்தில் யார் காத்து நிற்கிறார்? ஜெப ஆலயத் தலைவன் யவீரு, சாகக் கிடக்கும் 12 வயது மகளுக்காக. ஊரில் பெரிய மனுஷனை நிறுத்திவைத்துவிட்டு இவளிடம் பேசுகிறார்.

சகேயு பணக்காரன். அவன் எப்படி ஒதுக்கப்பட்டவன்?

ரோமருக்கு வரி வசூலித்தவர்களின் தலைவன். சொந்த ஜனமே அவனைப் பாவி என்றது. இயேசு அவன் வீட்டுக்குப் போனதற்கே முறுமுறுத்தார்கள். பணம் சாப்பாடு போடும், பந்தியில் இடம் தராது.

என் தம்பி பல வருஷமாக நோயாளி. "உனக்கு விசுவாசம் போதாது" என்று சிலர் அவனிடமே சொல்லிவிட்டுப் போகிறார்கள். மனசு உடைந்துபோகிறான்.

அவர்களிடம் லூக்கா 17-ஐப் படிக்கச் சொல்லுங்கள். குஷ்டரோகிகள் பத்துப் பேர், பத்துப் பேருமே சுத்தமானார்கள். "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று கேட்டது திரும்பி வந்த சமாரியன் ஒருவன் மட்டும். அப்புறம் யோவான் 5: 38 வருஷம் படுத்துக்கிடந்தவனுக்குக் குணமாக்கியவர் யாரென்றே தெரியாது. மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை (முடக்குவாத நோயாளியை)ச் சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைத்தான் இயேசு பார்த்தார். நோயாளியிடம் விசுவாச அளவு கேட்கிறவர்கள், அவனைத் தூக்கிக்கொண்டு போக ஒரு கை கொடுக்கலாமே.

யெப்தாவும் வேசியின் மகன், வீட்டிலிருந்து துரத்தப்பட்டவன், எபிரெயர் 11-இல் இருப்பவன். அவன் கதை ஏன் இப்படி முடிகிறது?

கஷ்டமான கதை. அம்மோனியர் படையெடுத்ததும், அவனைத் துரத்திய ஊர் மூப்பர்களே கெஞ்சிக்கொண்டு வருகிறார்கள். ஜெயித்தால் தலைவன் என்று பேரம். அன்பால் சேர்த்துக்கொண்டதல்ல அது. அப்படியே பழகியவன் கர்த்தரிடமும் பேரம் பேசினான் என்பது என் எண்ணம்: ஜெயம் கொடு, வீட்டு வாசலில் எதிர்கொண்டு வருவதைப் பலியிடுகிறேன் என்று. நியாயாதிபதிகள் 11:29-இல் கர்த்தரின் ஆவி ஏற்கெனவே அவன்மேல் வந்தாயிற்று. அந்தப் பொருத்தனைக்குத் தேவையே இல்லை. வந்தது ஒரே மகள். எபிரெயர் 11 அவன் பெயரைச் சொல்கிறது, பொருத்தனையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எத்தியோப்பிய மந்திரி?

அவன் ஒரு அண்ணகன், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவன். அப்படிப்பட்டவர் சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் 23:1. அவன் ரதத்தில் வாசித்தது ஏசாயா 53. அங்கிருந்து மூன்று அதிகாரம் தள்ளி 56:3 முதல் 5 வரை வாசித்துவிட்டு, அப்போஸ்தலர் 8-க்கு வாருங்கள்.