இரத்தத்தில் இரும்பைப் பற்றியிருக்கும் புரதங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரும்பைப் பிடித்திருப்பது ஹீம் என்னும் வளைய மூலக்கூறா, புரதமா?

பதில்: இரண்டுமே. இரும்பு அணுவின் ஆறு பிணைப்பிடங்களில் நான்கை ஹீம் வளையத்தின் நைட்ரஜன் அணுக்கள் எடுத்துக்கொள்கின்றன. ஐந்தாவதைப் புரதத்தின் அமினோ அமிலங்களில் ஒன்றான ஹிஸ்டிடின் பற்றியிருக்கிறது. ஆறாவது ஆக்சிஜனுக்கு உரியது. ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு, வளையத்தின் தளத்திலிருந்து ஏறத்தாழ 0.4 ஆங்ஸ்ட்ரோம் (ஓர் ஆங்ஸ்ட்ரோம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) விலகி நிற்கும். ஆக்சிஜன் சேர்ந்ததும் அது தளத்தை நோக்கி நகர, அதனோடு ஹிஸ்டிடினும் அது அமைந்துள்ள புரதச் சுருளும் இழுபட்டு, ஆளுக்கொரு ஹீமைக் கொண்ட நான்கு புரதச் சங்கிலிகளும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் விதமே மாறுவதால், எஞ்சிய ஹீம்கள் ஆக்சிஜனை முன்னைவிட எளிதாக ஏற்கின்றன. ஓர் அணுவின் அகலத்துக்கும் குறைவான அசைவு இது. ஹீமோகுளோபினின் கட்டமைப்பைக் கண்டறிந்த அறிவியலாளர் மாக்ஸ் பெருட்ஸ் 1970-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்.

கேள்வி: ஆக்சிஜனுடன் சேரும் இரும்பு ஏன் துருப்பிடிப்பதில்லை?

பதில்: துரு என்பதைவிட, இரும்பு ஃபெரஸ் (Fe²⁺) நிலையிலிருந்து ஓர் எலக்ட்ரானை இழந்து, ஆக்சிஜனைச் சுமக்க இயலாத ஃபெரிக் (Fe³⁺) நிலைக்கு மாறுவது என்பதே சரி. தனித்த ஹீம் நீரில் விரைவில் அப்படி மாறிவிடும். புரதம் அதை நீர் எளிதில் புகாத ஒரு குழிக்குள் வைத்து, இரண்டு ஹீம்கள் நெருங்கவும் விடாமல் காக்கிறது. அப்படியும் சிறு பங்கு மாறத்தான் செய்கிறது. சிவப்பணுவிலுள்ள நொதி அதை ஃபெரஸ் நிலைக்கு மீட்கிறது. குழியிலுள்ள ஹிஸ்டிடினுக்குப் பதில் டைரோசின் என்னும் வேறோர் அமினோ அமிலம் வந்துவிட்டால், அதன் ஆக்சிஜன் அணு ஃபெரிக் இரும்பை இறுகப் பற்றிக்கொள்வதால் மீட்பு கடினமாகிறது. ஹீமோகுளோபின் எம் எனப்படும் பரம்பரைக் கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படி ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் வருபவை; தோல் நீலம் பாரிக்கும்.

கேள்வி: அப்படியானால் டைரோசின் இரும்புக்கு ஆகாததா?

பதில்: இடத்தைப் பொறுத்தது. இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதத்துக்கு வேண்டியதே ஃபெரிக் இரும்புதான். அதன் இரு மடல்களிலும் (பாதிகளிலும்) தலா இரண்டு டைரோசின், ஒரு ஹிஸ்டிடின், ஓர் அஸ்பார்டேட் ஆகிய அமினோ அமிலங்கள் ஒரு கார்பனேட் அயனியின் துணையோடு இரும்பைப் பிடிக்கின்றன. பிடித்ததும் மடல் சிப்பி போல மூடிக்கொள்கிறது. செல்லுக்குள் சென்று, அமிலத்தன்மை ஏறி பிஎச் 5.5 அளவை எட்டும் பையில்தான் அது திறந்து இரும்பை விடுகிறது.

கேள்வி: ஹீமோகுளோபின் எம் உள்ளவருக்கு இரும்பு மாத்திரை பயன்படுமா?

பதில்: அந்தக் கோளாறுக்குப் பயன்படாது. அங்கே குறைவாக இருப்பது இரும்பு அன்று. அதை ஃபெரஸ் நிலையில் வைத்திருக்க வேண்டிய ஹிஸ்டிடின்தான் இல்லை.