சூப்பர்கிக் வாங்கியும் ஏன் யாரும் விழுவதில்லை?

கேள்வி: WWE போன்ற காட்சி மல்யுத்தத்தில் முன்பு ஒரே அடியில் ஆட்டத்தை முடித்த சூப்பர்கிக்கை (தாடையில் விடும் உதை) இப்போது ஐந்தாறு முறை வாங்கியும் எழுந்து வருகிறார்களே, ஏன்?

அடி மாறவில்லை, அதன் மதிப்புதான் இறங்கிவிட்டது. இந்த உதையால் பேர் பெற்ற ஷான் மைக்கேல்ஸ், அதை விடுவதற்கு முன் மூலையில் நின்று காலைத் தரையில் தட்டத் தொடங்கினாலே அரங்கம் எழுந்துவிடும். இன்று அதே உதை ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் வந்து போகிறது. எதிராளியின் தலையை அக்குளில் பிடித்துத் தரையில் மோதவிடும் ஜேக் ராபர்ட்ஸின் டிடிடிக்கும் இதே கதிதான். 1980களில் அது விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இப்போது அது மூச்சு வாங்கக் கிடைக்கும் இடைவேளை.

ஃபினிஷரிலிருந்து, அதாவது ஆட்டத்தை முடிக்கும் அடியிலிருந்து, தப்புவதே தப்பு என்று சொல்லவில்லை. WWE-யின் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், 2009-இல், எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கும் அண்டர்டேக்கரின் டூம்ஸ்டோனுக்குப் பிறகும் ஷான் மூன்று எண்ணுவதற்குள் தோளைத் தூக்கித் தப்பினார். உடனே அண்டர்டேக்கரின் கண்கள் விரிந்தனவே, அந்த முகம்தான் கதை. அபூர்வமாக நடந்ததால் எடுபட்டது.

அப்புறம், அடி வாங்குபவரின் பங்கு. பத்து நிமிடம் முழங்காலில் அடி வாங்கியவர் கடைசியில் துள்ளிக் குதித்து ஓடினால் அத்தனையும் வீண். ரிக் ஃப்ளேர் காலைக் குறிவைத்து அடித்ததெல்லாம், எதிராளியின் கால்களை முறுக்கிப் பிடிக்கும் ஃபிகர் ஃபோர் பூட்டுக்கான முன்வேலை. எதிராளி நொண்டினால்தான் பூட்டு விழும்போது பார்க்கிற நமக்கும் வலிக்கும்.