மர அலமாரியில் உலர் தூரிகை முறையில் பெயிண்ட் அடித்தால் திட்டுத்திட்டாகிறதே, ஏன்?

பெரும்பாலும் பிரஷ்ஷில் பெயிண்ட் அதிகம் இருப்பதுதான் காரணம். முடியின் நுனியை மட்டும் பெயிண்டில் தொட்டு, உடனே பழைய துணியிலோ அட்டையிலோ துடைத்துவிடுங்கள். இனி ஒன்றுமே ஒட்டாது என்று தோன்றும் அளவுக்குத் துடைத்தால்தான் சரி. பிறகு மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே, அழுத்தாமல், வேகமாக இழுங்கள். மேடான இடங்களில் மட்டும் நிறம் பிடிக்கும், பள்ளங்களில் அடிநிறம் தெரியும். இந்த முறையின் அழகே அதுதான். அதனால் செதுக்கு வேலை உள்ள கால்களிலும் விளிம்புகளிலும் பிரமாதமாக எடுபடும். வழவழப்பான பலகையில் அவ்வளவாக எடுபடாது.

அடிப்பூச்சு முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். பெயிண்டில் தண்ணீர் கலக்காதீர்கள். விறைப்பான முடியுள்ள பிரஷ் நல்லது. கழுவிய ஈரத்தோடு அதைத் தொடவே வேண்டாம். அப்புறம், ஏற்கெனவே விழுந்த திட்டுகளைக் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடலாம்.