பழைய ஸ்டாண்டர்ட் 2000 கார் வாங்கலாமா? இன்ஜின் ஜாம் ஆகியிருந்தால் டீசல் இன்ஜின் மாற்றுவது சரியா?

குன்னூரில் ஒரு பங்களாவில் 1986 மாடல் ஸ்டாண்டர்ட் 2000 பல வருடமாக நிற்கிறது, இன்ஜின் இறுகிவிட்டது, மெக்கானிக் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜின் வைக்கச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியை வாங்குங்கள். இன்ஜினை மட்டும் தூக்கிப் போடாதீர்கள்.

இதைச் சொல்ல நான் யார் என்றால், கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். 1987 ஸ்டாண்டர்ட் 2000 ஒன்று என்னிடம் இருக்கிறது. 2012இல் எழுபதாயிரம் கொடுத்து வாங்கினேன், 2016இல்தான் ரோட்டுக்கு வந்தது. நான் பணக்காரன் இல்லை. பழைய கார் என்றாலே பங்களாக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த இன்ஜினைப் பற்றி யாராவது மட்டமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. "ரோவர் உடம்புக்குள் வேன் இன்ஜினை வைத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதில் பாதி உண்மை. இங்கிலாந்தில் 1976இல் ரோவர் எஸ்.டி.1 வந்தபோது அதில் இருந்தது மூன்றரை லிட்டர் வி8. மறுவருடம் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டமும் அதற்குக் கிடைத்தது. அதே உடம்பைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1985இல் தயாரித்தபோது, உள்ளே போட்டது அதே கம்பெனியின் பழைய வான்கார்ட் கார் காலத்து 1991 சிசி பெட்ரோல் இன்ஜின். அதன் அடிப்படை வடிவம் 1940களைச் சேர்ந்தது. அவ்வளவு பெரிய உடம்பை எண்பது சொச்சம் குதிரைத்திறனில் இழுக்க வேண்டும். விலை 2 லட்சத்துக்கு மேல், பெட்ரோலும் குடித்தது. 1988இல் கம்பெனியே உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடிய மூன்று வருடத்தில் வெளியே வந்த வண்டிகளே குறைவு, அதில் மிச்சம் இருப்பவை இன்னும் குறைவு.

ஆனால் என் வண்டி இன்று ஓடுவதற்குக் காரணமே அந்தப் பழைய இன்ஜின்தான். அதில் சிலிண்டர் தனியாகக் கழற்றக்கூடிய லைனராக இருக்கும். லைனரைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். பிளாக்கைத் துளைக்கத் தேவையில்லை. நான்கு லைனர், பிஸ்டன், ரிங் மாற்றினால் இன்ஜின் புதுசு. ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது இதே வம்சம். கோவை லேத்துக்காரர் ஒருவர் என் பிளாக்கைப் பார்த்ததும், "டிராக்டர் வேலைதானுங்க, விட்டுட்டுப் போங்க" என்று சொன்னார். வி8 இருந்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா?

உங்கள் இன்ஜின் இறுகியிருப்பது பெரும்பாலும் ரிங் துருப்பிடித்து லைனரோடு ஒட்டிக்கொண்டதால் இருக்கும். என்னுடையதும் அப்படித்தான். பிளக்கைக் கழற்றி நான்கு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினேன். தினமும் ஃபேக்டரி விட்டு வந்ததும் ஸ்பேனர் போட்டு அசைத்துப் பார்ப்பேன். பதினோராம் நாள் கால் சுற்று சுற்றியது. அப்புறம் சிலிண்டர்களுக்கு மேல்மூடியான ஹெட்டைத் திறந்தேன். இங்கே ஒரு விஷயம் முக்கியம்: ஹெட்டைக் கழற்றிய பிறகு லைனர்களை மேலிருந்து பிடித்து இறுக்கி வைக்காமல் கிராங்க்கைச் சுற்றாதீர்கள். லைனர் எழும்பி அடிப் பேக்கிங் விட்டுப்போகும், தண்ணீர் நேராக ஆயிலில் இறங்கும். நல்ல மெக்கானிக்கே இதில் தவறு செய்து நான் பார்த்திருக்கிறேன்.

லைனரைக் கீழேயிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டி எடுத்தபோது, தண்ணீர் ஓடும் இடம் முழுக்கச் செம்மண் சேறு மாதிரித் துரு. ஸ்பூனால் சுரண்டி எடுத்ததில் இரண்டு டீத்தூள் டின் நிறைந்தது. அடியில் எட்டு என்ற எண் வடிவத்தில் ஒரு பேக்கிங் வரும், இரண்டு லைனருக்கு ஒன்று. அதைக் கோவையில் செம்புத் தகட்டில் வெட்டி வாங்கினேன். லைனர் உட்கார்ந்ததும் பிளாக் மட்டத்துக்கு மேலே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு துருத்தி நிற்க வேண்டும். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து அளந்தேன். முதல் தடவை ஒரு லைனர் மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் துருத்தியது. மறுபடி கழற்றினேன். அந்த இடத்தில் "பரவாயில்லை, ஓடட்டும்" என்று விட்டால் ஆறு மாதத்தில் ஹெட் கேஸ்கட் போய்விடும்.

வால்வு சீட்டையும் லேத்தில் கடினமான சீட்டாக மாற்றிவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடு முழுக்க நின்றுவிட்டது, இந்த ஹெட் அந்தப் பெட்ரோலுக்குச் செய்தது. இப்போது எத்தனால் வேறு கலக்கிறார்கள். பழைய பெட்ரோல் ஓஸ் எல்லாவற்றையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இன்ஜினுக்கு எனக்கு ஆனது நான்கு மாதம். பாக்கி மூன்றரை வருடம் உடம்புக்குத்தான் போனது. நம் மலையில் கார் சாவது இன்ஜினால் இல்லை, மஞ்சினால். வாங்கும்போது கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஒரு காந்தம் எடுத்துப் போய் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டி இருக்கிறதே, அதுதான் இந்த வண்டிக்கு முதுகெலும்பு. வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், பிடி வரை உள்ளே போனது. தகரமே இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய வெறும் பட்டி. காந்தம் அதில் ஒட்டாது. கவுண்டம்பாளையத்து டிங்கர் அண்ணன் அத்தனையையும் உடைத்து ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். பச்சைத்தேயிலை எடை போடும் தராசில் வைத்தேன், ஒன்பது கிலோ. டிக்கிக் கதவின் அடி விளிம்பும், முன் மட்கார்டின் கீழ்ப்பகுதியும் அதே கதி. எல்லாம் புதுத் தகரம் வெட்டி வெல்டிங் செய்ததுதான்.

தகரத்தைக் கையால் அடித்து உருவாக்கலாம். கண்ணாடியை யாரும் அடித்துக் கொடுக்க முடியாது. பின்கண்ணாடி, விளக்குக் கண்ணாடி, ரப்பர் பீடிங் இவற்றுக்காகச் சென்னை புதுப்பேட்டையில் எத்தனை நாள் அலைந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. கடைசியில் ரோவர் உடம்பு என்பதால் பீடிங்கை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன்.

மொத்தச் செலவு வண்டி விலையோடு சேர்த்து ஐந்து லட்சத்து முப்பதாயிரம். "அந்தக் காசுக்கு ஷோரூமிலிருந்து புதுக் காரே எடுத்திருக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம், என் மச்சான் இப்போதும் கேட்கிறார். எடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் காரை என் அப்பா 1987இல் ஓட்டியிருக்க மாட்டார். இந்த வண்டியின் முதல் உரிமையாளரிடம் அவர் டிரைவர். எனக்கு அப்போது பதினோரு வயது. ஸ்கூல் விடும் நேரம் காலியாக வந்தால் என்னை ஏற்றிக்கொள்வார், சீட்டில் உட்காரச் சொன்னாலும் உட்காரப் பயமாக இருக்கும்.

ஊரில் இன்னொரு பேச்சும் வந்தது. "தேயிலைக்கு விலை இல்லாத காலத்தில் இவனுக்குக் கார் கேட்கிறதா?" இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கிலோ பச்சைத்தேயிலைக்குக் கிடைக்கும் காசில் பறிக்கும் கூலியும் உரமும் போனால் கையில் நிற்பது என்ன என்று நீலகிரியில் சிறு விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2000 வாக்கில் விலை விழுந்தபோது தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கு குடும்பம். மாதாமாதம் விலை அறிவிப்பு வருகிறது, அந்த விலையில் தோட்டக்காரனின் செலவு எங்கே இருக்கிறது? இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் பார்த்துப் பறித்துக் கொடுத்தாலும் ஈரம் அதிகம் என்று எடையில் கழிக்கும் இடங்கள் உண்டு. காரை நான் வாங்கியது தேயிலைக் காசில் இல்லை. இரவு ஷிஃப்ட் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மோட்டார் காயில் கட்டிக் கொடுத்துச் சேர்த்த காசு. தேயிலைக்கு நியாயமான விலை வேண்டும் என்று கேட்பவனுக்கு ஒரு கார் மேல் ஆசை இருக்கக்கூடாதா?

சரி, வண்டிக்கு வருகிறேன். மலையில் கார்பரேட்டர் செட்டிங் தனி. ஊட்டி 2,240 மீட்டர், காற்று மெலிசு, கீழே சரியாக இருக்கும் கலவை இங்கே பெட்ரோல் அதிகமாகி பிளக் கரி பிடிக்கும். கோவையில் ட்யூன் செய்து மேலே கொண்டுவந்து, வண்டி இழுக்கவில்லை என்று இன்ஜினைத் திட்டாதீர்கள்.

பேப்பரையும் பாருங்கள். 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. பழம்பெரும் வாகனம் என்று தனிப் பதிவு 2021இல் கொண்டுவந்தார்கள். அதற்கு 50 வயது ஆகவேண்டும். உங்கள் 1986 வண்டி 2036 வரை வெறும் பழைய வண்டிதான். அதனால் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

டீசல் இன்ஜின் போட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்கிறார் உங்கள் மெக்கானிக். எடை மாறும், மவுண்டிங் வெட்ட வேண்டும், ஆர்.சி.யில் எரிபொருள் மாற்ற வேண்டும். அப்புறம் அது என்ன வண்டி? 2016இல் முதல் தடவை மேட்டுப்பாளையம் இறங்கித் திரும்பி ஏறினேன். அப்பாவுக்கு அப்போது எழுபத்தாறு, கண்புரை, இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். கொண்டை ஊசி வளைவு வருவது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது. ஆனால் இன்ஜின் சத்தம் மாறியதும் "செகண்டு போடு கண்ணு" என்றார். ஒவ்வொரு வளைவிலும் சரியான இடத்தில். வேறு இன்ஜின் சத்தத்தை வைத்து அவரால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

குன்னூருக்கு ஒரு மழை நாளில் போங்கள். காந்தமும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பெட்டியில் காந்தத்தை முழு நீளத்துக்கும் நகர்த்திப் பாருங்கள், கால் வைக்கும் இடத்துத் தரைவிரிப்பைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள். காந்தம் பாதி இடத்தில் ஒட்டவில்லை என்றால் விலையில் முக்கால்வாசியைக் குறைத்துக் கேளுங்கள். பின்கண்ணாடி உடைந்திருந்தால் வேறொன்று கையில் கிடைக்கும் வரை வாங்காதீர்கள். இன்ஜின் இறுகியிருப்பதற்காக மட்டும் திரும்பி வந்துவிடாதீர்கள்.