தெருமுனைக் கத்தோலிக்கப் பள்ளியில் மகளைச் சேர்க்கலாமா?

தம்பி,

உங்கள் அம்மா நேற்று சாயங்காலம் காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி, பழையபேட்டையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நான் பத்து நாள் லீவில் கிருஷ்ணகிரி வந்திருப்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. ஒரு கையில் முறுக்குப் பொட்டலம், இன்னொரு கையில் போன். நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டி, "நீயே பதில் சொல்லும்மா, எனக்கு இந்த ஊர் பள்ளிக்கூடச் சங்கதியே பிடிபடல" என்றார்.

நீங்கள் கேட்டது இதுதான். லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, உங்களுக்குக் கிடங்கில் இரவு ஷிஃப்ட். மகளுக்கு மூன்றரை வயது. தெருமுனையில் இருக்கும் கத்தோலிக்கப் பள்ளியை எல்லோரும் நல்ல பள்ளி என்கிறார்கள். ஞானஸ்நானம் கொடுத்தால்தான் சீட் என்று உடன் தங்கியிருப்பவர் ஒருவர் சொல்கிறார், ஃபீஸ் கட்டி மாளாது என்று இன்னொருவர் சொல்கிறார். அங்கே சேர்த்தால் பிள்ளை நம் சாமியை மறந்துவிடுமோ என்று உங்கள் மனைவிக்குக் கவலை.

ஃபீஸ் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபீஸ் கிடையாது. 'கான்வென்ட்' என்றதும் நமக்கு ரசீதுப் புத்தகம்தான் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் பெரும்பாலான கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுப் பணத்தில் நடப்பவை. நம் ஊர் அரசு உதவிபெறும் பள்ளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1944-ஆம் ஆண்டு கல்விச் சட்டம் போட்ட ஏற்பாடு அது. வாலண்டரி எய்டட் என்று பெயர். சம்பளம், நடப்புச் செலவு எல்லாம் அரசு தரும், கட்டட வேலைகளுக்கு மட்டும் சுமார் 10 சதவீதத்தைத் திருச்சபைத் தரப்பு போட வேண்டும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை பிள்ளையின் பையில் ஒரு கவர் வரும், கட்டட நிதிக்கு ஏதாவது தாருங்கள் என்று. முடிந்தால் போடுங்கள், முடியாவிட்டால் வெறும் கவரோடு சும்மா இருங்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். முதல் வருஷம் எனக்கு இது தெரியாது. வாடகைக்கு வைத்திருந்த பணத்தில் இருபது பவுண்டு எடுத்துப் போட்டுவிட்டு அந்த வாரம் முழுக்க ரசம் சோறு சாப்பிட்டோம். விசாவில் 'அரசு உதவி பெறக் கூடாது' என்று எழுதியிருக்கிறதே என்றும் பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடப் படிப்பு அந்தக் கணக்கில் வராது.

இப்போது சீட். இங்கேதான் நம் ஊர் மூளை நம்மைக் கவிழ்க்கும். என் கதையைச் சொல்கிறேன்.

நாங்கள் 2009-இல் வந்தோம். வீட்டுக்காரருக்கு ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டர் வேலை. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கடைக்கு மேலே ஒரு அறை, சமையலறை மூன்று குடும்பத்துக்குப் பொது. மகள் 2010-இல் பிறந்தாள். 2014 செப்டம்பரில் அவள் ரிசப்ஷனில், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வகுப்பில், சேர வேண்டும். நான் என்ன நினைத்தேன்? மே மாதம் சர்டிபிகேட் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போய் சிஸ்டரைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசினால் சீட் கிடைத்துவிடும் என்று. என்னை என் அம்மா அப்படித்தான் சேர்த்தார். மே மாதம் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்குப் போனேன். ஆபீஸில் இருந்த அம்மா என் ஃபைலைப் பார்த்து, என்னைப் பார்த்து, "கடைசி நாள் ஜனவரி 15, கண்ணு" என்கிற மாதிரி பாவமாகத் தலையை ஆட்டினார். தாமதமாக விண்ணப்பித்தவர்களுக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும். எங்களுக்கு மிஞ்சியது இரண்டு பஸ் மாறிப் போகும் பள்ளி. ஒரு வருஷம் முழுக்க மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குற்றம் யாருடையதும் இல்லை, என்னுடையதுதான்.

உங்கள் மகளுக்கு மார்ச்சில் நாலு வயது முடிகிறது என்று அம்மா சொன்னார். அப்படியானால் வரும் செப்டம்பரில் ரிசப்ஷன். விண்ணப்பம் பள்ளிக்கு இல்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதி கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூர் நிர்வாகத்துக்கு, ஆன்லைனில். ஜனவரி 15-க்குள். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். ஆறையும் எழுதுங்கள். எந்தப் பள்ளியை முதலில் எழுதினீர்கள் என்பது பள்ளிகளுக்குத் தெரியாது, அதனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கத்தோலிக்கப் பள்ளிக்கு மட்டும் இன்னொரு தனி ஃபார்ம் இருக்கும், அதை நேரே பள்ளி ஆபீஸில் கொடுக்க வேண்டும். முடிவு ஏப்ரல் 16 வாக்கில் வரும். அப்புறம் ஒன்று: மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் 15 மணி நேரம் இலவச நர்சரி உண்டு, உங்கள் விசாவுக்கும் உண்டு. இப்போதே கேளுங்கள். ஆனால் ஒரு பள்ளியின் நர்சரியில் இருப்பதாலேயே அதே பள்ளியில் ரிசப்ஷன் இடம் உறுதி ஆகாது. தனியாக விண்ணப்பிக்கத்தான் வேண்டும். நிறையப் பேர் இதில் ஏமாந்து பார்த்திருக்கிறேன்.

ஞானஸ்நானம். இடத்தைவிடப் பிள்ளைகள் அதிகமாக விண்ணப்பித்தால் கத்தோலிக்கப் பள்ளி கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரலாம், அதைச் சட்டம் அனுமதிக்கிறது. வரிசையில் முதலில் அவர்கள், பிறகு மற்றக் கிறிஸ்தவர்கள், பிறகு வேறு மதத்தவர், பிறகு யாராக இருந்தாலும். ஆனால் இடம் காலியாக இருந்தால் உங்கள் மகளை வேண்டாம் என்று சொல்ல முடியாது. இப்போது லண்டன் தொடக்கப் பள்ளிகளில் நிறைய இடம் காலி. பிறப்பு குறைந்துவிட்டது, வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியே போகின்றன. பிள்ளைக் கணக்கு வைத்துத்தான் பள்ளிக்குப் பணம் வருகிறது, காலி நாற்காலி அவர்களுக்கும் நஷ்டம். ஆக, ஞானஸ்நானம் இல்லாமலேயே உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சரி, நிரம்பி வழியும் பள்ளி என்றால்? எங்கள் பொதுச் சமையலறையிலும் ஒரு அண்ணன் இருந்தார். "ஒரு சர்டிபிகேட் தானே, தண்ணி ஊத்தி வாங்கிக்கோ" என்றார். இரண்டு பஸ் மாறி அலைந்த அந்த வருஷத்தில் எனக்கும் சபலம் தட்டியது, பொய் சொல்லவில்லை. ஊருக்கு வந்தபோது எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வயதான சிஸ்டரைப் பார்க்கப் போனேன். அவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, "சீட்டுக்காகத் தலையில ஊத்துற தண்ணி குளியல்தான்டி" என்றார். அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தவிர, வெறும் ஞானஸ்நானச் சர்டிபிகேட் மட்டும் போதாத பள்ளிகளும் உண்டு. தவறாமல் பூசைக்கு வரும் குடும்பம்தான் என்று பங்குச் சாமியார் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளைக்காரர்களே சீட்டுக்காகச் சர்ச்சுக்குப் போவது பழைய கதை. முழங்கால் போட்டால் தனியார் பள்ளி ஃபீஸ் மிச்சம் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கேலிப் பேச்சு இருக்கிறது. அதில் நாமும் போய் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்?

நாங்கள் அந்தக் கத்தோலிக்கப் பள்ளியின் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தோம். அந்த லிஸ்டும் முன்னுரிமைப்படிதான், முதலில் வந்தவர் முதலில் என்பது இல்லை. ஐந்தாவதாக இருந்தவள் அடுத்த மாதம் ஏழாவதாகப் போனாள். அப்புறம் முதலாம் வகுப்பில் திடீரென்று இடம் காலியாகி எங்கள் முறை வந்தது. இரண்டு வருஷம் கழித்து அதே பள்ளியில் எனக்கும் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. எட்டு வருஷமாக அந்தச் சாப்பாட்டு ஹாலில்தான் நிற்கிறேன், அதனால் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம்.

ரிசப்ஷன் முதல் இரண்டாம் வகுப்பு வரை இங்கிலாந்து முழுக்க மதியச் சாப்பாடு இலவசம், 2014 செப்டம்பரிலிருந்து. லண்டனில் மேயர் பணம் கொடுப்பதால் 2023 முதல் அரசுத் தொடக்கப் பள்ளி முழுவதற்கும் இலவசம். அதனால் பெற்றோர் யாரும் தனியாக ஃபார்ம் நிரப்புவதில்லை, அங்கேதான் தப்பு நடக்கிறது. வருமானம் குறைந்த குடும்பம் என்று பதிவானால்தான் அந்தப் பிள்ளையின் பெயரில் பள்ளிக்கு அரசு கூடுதல் நிதி தரும். தனி வகுப்பு, வாசிப்புக்கு உதவி ஆள் எல்லாம் அதிலிருந்துதான் வரும். உங்கள் விசாவில் இருப்பவர்களும் வருமான வரம்புக்குள் வந்தால் பதியலாம். ஆபீஸில் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். மாட்டுக்கறி கொடுக்கக் கூடாது என்றால் முதல் நாளே எழுதிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மீன், அது பிள்ளைகளுக்குத் திருவிழா. காலைச் சாப்பாட்டில் மட்டும் நம் ஊர் முந்திக்கொண்டது. காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்டில் நகரங்களில் உள்ள அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது, இங்கே என் தங்கை மகன் பள்ளியில் பொங்கல் சாப்பிடுகிறான். லண்டனில் எங்கள் பள்ளியில் காலை ஏழே முக்காலுக்குப் பிள்ளையை விட வேண்டுமென்றால் பிரேக்ஃபாஸ்ட் கிளப்புக்குக் காசு. ஷிஃப்ட் வேலை பார்க்கும் உங்களுக்கு இதுதான் உண்மையான செலவு. பள்ளியைப் பார்க்கப் போகும்போது சிலுவையைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கட்டணத்தைப் பாருங்கள்.

உங்கள் மனைவியின் கவலைக்கு வருகிறேன். அதைச் சின்ன விஷயம் என்று தள்ள மாட்டேன்.

கிருஷ்ணகிரியில் நான் படித்தது கன்னியர் நடத்திய பள்ளி. தமிழ் மீடியத்துக்கு அரசு உதவி, ஃபீஸ் பெயருக்குத்தான். இங்கிலீஷ் மீடியம் சுயநிதி. அப்பாவுக்கு மாங்கூழ் ஃபேக்டரியில் லோடு இறக்கும் வேலை, ஆனாலும் பிள்ளை இங்கிலீஷில்தான் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஜூனில் கட்ட வேண்டிய ஃபீஸ் அவரிடம் ஒரு வருஷமும் ஜூனில் இருந்ததில்லை. சிஸ்டர் ஒரு சின்ன நோட்டில் என் பெயருக்கு நேரே பென்சிலால் 'மாங்கா' என்று எழுதி வைத்துக்கொள்வார். சீசன் முடிந்து பணம் கட்டியதும் ரப்பரால் அழிப்பார். பத்து வருஷம் அப்படி எழுதி அழித்ததில் அந்த இடத்தில் தாளே தேய்ந்து போயிருந்தது. இப்போது தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் என்று கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது, ஆனால் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. அங்கே இன்றைக்கும் ஏழைப் பிள்ளைக்கு வழி அந்தப் பென்சில்தான். பென்சில் பிடிக்கிறவர் மாறினால் கதையும் மாறும், அதையும் பார்த்திருக்கிறேன்.

அங்கே எங்களைப் பிரித்துத்தான் உட்கார வைப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை. ஆனாலும் 'அருள் நிறைந்த மரியே' எனக்கு இன்றும் தலைகீழ்ப் பாடம். பரீட்சைக்கு முன்னால் மாதா கெபியில் மெழுகுத்திரி, அதற்கு முன்னால் வீட்டில் திருநீறு. ஒன்றோடு ஒன்று சண்டை போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

லண்டனில் அப்படிப் பிரிப்பதில்லை. மதக்கல்வி எல்லோருக்கும் ஒரே வகுப்பு, பாட நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. தினம் ஜெபம் உண்டு, சில நாள் பூசை உண்டு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலக்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் செய்யவில்லை. அந்த நேரத்தில் பிள்ளை தனியாக வேறு அறையில் உட்கார்ந்திருக்கும், அது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

கஷ்டமான காலம் மூன்றாம் வகுப்பு, புதுநன்மை வாங்கும் வருஷம். கத்தோலிக்கப் பிள்ளைகள் பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவதுதான் புதுநன்மை. தோழிகள் எல்லோரும் வெள்ளைக் கவுன், தலையில் கிரீடம், விருந்து, பரிசு. என் மகள் ஒருநாள் ராத்திரி கேட்டாள்: "நான் என்ன தப்பு பண்ணினேன்?" அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. டீச்சரிடம் சொன்னேன். அந்த அம்மா நல்லவர். புதுநன்மை வாங்காத பிள்ளைகளும் மற்றவர்களோடு வரிசையில் வந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்து நின்றால் சாமியார் ஆசீர்வாதம் தருவார் என்று சொல்லிக்கொடுத்தார். அடுத்த வாரம் மேனர் பார்க் முருகன் கோயிலில் தீபாராதனை. குருக்கள் திருநீறு கொடுக்க வந்தால், இவள் கையை நீட்டாமல் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்கிறாள். அவர் தோப்புக்கரணம் போடப் போகிறாள் என்று நினைத்து, "பிள்ளையார் அந்தப் பக்கம் இருக்காரும்மா" என்றார்.

இப்போது அவளுக்கு 15 வயது. முருகனைக் கும்பிடுகிறாளா என்றால், பரீட்சைக்கு முன்னால் கும்பிடுகிறாள், என்னை மாதிரியே. தமிழ் மறந்துபோகும் என்பதுதான் என் பயமாக இருந்தது. அதற்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் விட்டோம், இலங்கைத் தமிழர்கள் நடத்துவது. வீட்டில் விளக்கேற்றுவதைப் பள்ளியா செய்யும்? அதை நீங்களும் உங்கள் மனைவியும்தான் செய்ய வேண்டும், ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்போடு. இந்துப் பள்ளியே வேண்டும் என்றால் ஹாரோவில் 2008-இல் தொடங்கிய கிருஷ்ணா அவந்தி இருக்கிறது, அதுவும் அரசுப் பணத்தில் நடப்பதுதான், ஆனால் ஈஸ்ட் ஹாமிலிருந்து லண்டனின் அந்தக் கோடிக்குத் தினமும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

என்னைக் கேட்டால் தெருமுனைப் பள்ளியை முதலாவதாக எழுதுங்கள். தனி ஃபார்மில் மதம் என்ற இடத்தில் இந்து என்றே எழுதுங்கள். மீதி ஐந்தில், நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு சாதாரண அரசுப் பள்ளி இரண்டாவதாக இருக்கட்டும்.

ஞாயிறு ராத்திரி பெங்களூரில் ஃப்ளைட் ஏறுகிறேன். உங்கள் அம்மா மாங்காய்த் தொக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டிருக்கிறார். நாலு பிளாஸ்டிக் கவர் சுற்றியிருக்கிறேன், இருந்தாலும் என் புடவைகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. புதன்கிழமை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது மகளின் பிறப்புச் சான்றிதழும், உங்கள் பெயரில் வந்த கவுன்சில் டாக்ஸ் பில்லும் எடுத்து வாருங்கள். ஃபார்மை உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.