சின்ன விமான நிலையத்தைப் பெரிதாக்கினால் சுற்றுக் கிராமங்களுக்கு என்ன கிடைக்கும்?

"எங்கள் மாவட்டத்தில் இருக்கும் சிறிய விமான நிலையத்தின் ஓடுதளத்தை நீட்டப் போகிறார்கள். கிராமப் பொருளாதாரம் உயரும் என்கிறார்கள். நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மாவட்டம் என்று சொல்லவில்லை. நான் தூத்துக்குடிக்காரன், ஏற்றுமதி சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் (கிளியரிங்) அலுவலகத்தில் வேலை. எங்கள் ஊருக்கான வாகைகுளம் விமான நிலையம் வளர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஆளும் சரக்கும் ஏற்கெனவே வந்துபோக வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கிற பகுதி என்றால் விரிவாக்கம் பலன் தரும். அப்படி எதுவும் இல்லாத இடத்தில் ஓடுதளத்தை நீட்டினால் நீளமான ஓடுதளம் கிடைக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, பலன் வந்தாலும் நிலம் கொடுத்த கிராமத்துக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும்.

வாகைகுளத்தில் பழைய ஓடுதளம் 1,350 மீட்டர். அந்த நீளத்துக்கு ஏடிஆர் மாதிரி எழுபது சொச்சம் பேர் உட்காரும் புரொப்பெல்லர் விமானம்தான் வரமுடியும். சென்னைக்கு டிக்கெட் விலை கேட்டாலே பலருக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் ரயில் ஞாபகம் வந்துவிடும். 180 பேர் ஏறும் ஏர்பஸ்ஸை இறக்க இடமில்லாததால் கூட்டம் இருந்தும் இருக்கை இல்லை. திருநெல்வேலி, தென்காசி பக்கத்து ஆட்கள் பாதிப்பேர் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ கார் பிடித்துப் போனார்கள். இன்றைக்கும் வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அப்படித்தான் போகிறார்கள்.

இப்போது ஓடுதளம் 3,115 மீட்டர். 17,340 சதுர மீட்டரில் புது முனையம், மொத்தம் 450 கோடி ரூபாய் அளவுக்குச் செலவு. பிரதமர் 2025 ஜூலை 26 அன்று திறந்துவைத்தார். வருடத்துக்கு 20 லட்சம் பயணிகளைத் தாங்கும் என்பது கணக்கு. ஏர்பஸ் ஏ321 விமானம் வரை இறங்கலாம்.

இங்கே இந்தச் செலவில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். காரணம், விமான நிலையத்துக்கு முன்பே இந்த ஊரில் தொழில் இருந்தது. வ.உ.சி. துறைமுகம் இருக்கிறது, அனல் மின் நிலையங்கள் இருக்கின்றன, உப்பளம், கடல் உணவு, முந்திரி எல்லாம் இருக்கின்றன. இப்போது வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இதற்கெல்லாம் வந்துபோகும் ஆட்களுக்கு விமானம் வேண்டும்.

என் வேலையிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன், வெளியே இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வருகிறது, ஜெனரேட்டரில் ஒரு பாகம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு அந்தப் பாகம் விமானத்தில் சில மணி நேரத்தில் வந்துவிடும். சென்னையிலிருந்து இங்கே வர 600 கிலோமீட்டர் சாலை. கப்பல் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் லட்சக்கணக்கில் செலவு. பாகத்தைக் கொண்டுவந்தால் போதாது, அதைப் பொருத்தத் தெரிந்த எஞ்சினியரும் வரவேண்டும். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற மாலுமிகளும் இப்படித்தான். கப்பலையும் சரக்கையும் பரிசோதிக்கும் சர்வேயர், சரக்கைப் பார்க்க வரும் வெளிநாட்டு வாடிக்கையாளர், ஆலைக்கு ஆடிட் செய்ய வருகிறவர் என்று பட்டியல் நீளும். "காலையில் வந்து மாலையில் திரும்ப முடியுமா?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. முடியும் என்றால் வருவார்கள். முடியாது என்றால் ஜூம் மீட்டிங், அல்லது கொச்சியில் இருக்கும் போட்டியாளருக்கு ஆர்டர்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பெரிய விமானம் வந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வியாபாரத்துக்குப் போகிறவருக்கு ஒரு பெரிய விமானத்தைவிட நாளுக்கு மூன்று சின்ன விமானம் மேல். மூன்று ஏடிஆரை எடுத்துவிட்டு மத்தியானம் ஒரே ஒரு ஏர்பஸ் விட்டால் டிக்கெட் மலியலாம், ஆனால் காலையில் போய் மாலையில் திரும்ப முடியாது. ஓடுதள நீளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கால அட்டவணையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சரி, கிராமத்துக்கு வருவோம். "விவசாயிகளின் விளைபொருள் விமானத்தில் ஏறி உலகச் சந்தைக்குப் போகும்" என்று எல்லா விரிவாக்க விழாவிலும் சொல்வார்கள். எங்கள் மாவட்டம் விளைவிப்பதையும் செய்வதையும் வரிசையாகப் பார்ப்போம். உப்பு விமானத்தில் போகாது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வாழைத்தார் போகாது, கிலோவுக்கு அந்தக் கட்டணம் கட்டாது. உடன்குடி கருப்பட்டி அவசரமே இல்லாத பொருள். கோவில்பட்டி தீப்பெட்டி தீப்பிடிக்கும் சரக்கு, விமானத்தில் ஏற்றக் கட்டுப்பாடு அதிகம். காய்ந்த பூக்கள் இங்கிருந்து நிறைய ஏற்றுமதியாகின்றன, அதுவும் கப்பலில்தான். உறைய வைத்த இறால் குளிர்சாதனக் கன்டெய்னரில் போகிறது.

அப்படியானால் எது பறக்கும்? உயிரோடு அனுப்ப வேண்டிய நண்டு, சிங்கி இறால். தோவாளைச் சந்தையிலிருந்து வரும் பூ. கொஞ்சம் முருங்கைக்காய், கொஞ்சம் வெற்றிலை. விலை கூடுதல், எடை குறைவு, ஒரு நாளுக்குமேல் தாங்காது என்கிற மூன்றும் சேர்ந்த பொருள்தான் விமானக் கட்டணத்தைத் தாங்கும். இவற்றுக்கும் சந்தை வெளிநாடு என்றால், இங்கே வந்துபோவது உள்நாட்டு விமானம் மட்டும் என்பதால், சரக்கு இன்னும் வேறு ஊர் விமான நிலையத்துக்கு லாரி ஏறுகிறது. சுங்க அதிகாரியும் குளிர் அறையும் தரச்சான்று கொடுக்கும் ஆளும் இல்லாத இடத்தில் ஓடுதளம் எவ்வளவு நீளம் என்பதை நண்டு கவனிக்காது.

அதனால் உங்கள் ஊரில் விரிவாக்கத் திட்டத்தைக் காட்டினால், முனையத்தின் கண்ணாடிப் படத்தைத் தள்ளிவைத்துவிட்டு சரக்கு முனையம் எங்கே, குளிர்பதனக் கிடங்கு எத்தனை டன் என்று கேளுங்கள். பதில் "இரண்டாம் கட்டத்தில்" என்று வந்தால், விவசாயி இந்தத் திட்டத்தில் இல்லை என்று அர்த்தம்.

அடுத்து நிலம். இங்கே சுமார் 600 ஏக்கர் எடுத்தார்கள். பெரும்பாலும் வானம் பார்த்த பூமி, உளுந்தும் சோளமும் போடுகிற மானாவாரி நிலம். அதனால் எதிர்ப்பு பெரிதாக வெடிக்கவில்லை. சேலத்தில் கதை வேறு. அங்கே விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் ஓடுதளம் 1,806 மீட்டர். அதை நீட்ட 570 ஏக்கர் அளவுக்கு நிலம் எடுக்கப் போவதாக 2018இல் பேச்சு வந்தபோது காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் பயத்தில் அர்த்தம் இருந்தது. அந்த விமான நிலையம் 1993இல் கட்டியது. இடையில் பல ஆண்டுகள் விமானமே இல்லை. 2009இல் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் வந்தது, போனது. 2018இல், சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு மானியம் தரும் உதான் திட்டத்தில், ட்ரூஜெட் நிறுவனம் வந்தது, 2021இல் நின்றது. பிறகு 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. விமானம் வருமா போகுமா என்று இத்தனை தடவை பார்த்தவரிடம் போய் உன் தோட்டத்தைக் கொடு என்றால் அவர் என்ன சொல்வார்?

உதான் மானியம் மூன்று வருடத்துக்குத்தான். அது முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை மத்திய தணிக்கை அதிகாரியின் 2023 அறிக்கை சொல்லிவிட்டது. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று வருடத்தை முடித்தவை 112. மானியக் காலத்துக்குப் பிறகும் ஓடியவை 54. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்தக் கணக்கை அச்செடுத்துக்கொண்டுதான் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போவேன்.

இழப்பீட்டில் ஒரு விஷயம் நம் ஆட்களே செய்துகொள்ளும் வினை. முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்த, கொடுத்த விலையைக் குறைத்து, அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போடுகிறோம். பின்னால் நிலம் எடுக்கும்போது அந்தப் பத்திர விலையைத்தான் எடுத்து மேசையில் வைப்பார்கள். திட்டம் பற்றிக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டு முன்கூட்டியே வாங்கிப் போட்ட வெளியூர்க்காரருக்கு, சாலையோர மனை நல்ல லாபம் தரும். விமான நிலையச் சாலைகளில் முதலில் முளைப்பது மனைப்பிரிவு போர்டுதான், எங்கள் புதுக்கோட்டைப் பக்கமும் அப்படித்தான். (இது தூத்துக்குடி மாவட்டத்துப் புதுக்கோட்டை, பெரிய புதுக்கோட்டை இல்லை.)

வேலைவாய்ப்பு என்று சொல்வார்கள். விமான நிலையத்துக்குள் ஊர்க்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை: துப்புரவு, டிராலி தள்ளுவது, கேன்டீன், டாக்ஸி. குறைத்துச் சொல்லவில்லை, மழை பொய்த்த வருடத்தில் மாதச் சம்பளம் ஒரு வீட்டைக் காப்பாற்றும். ஆனால் மூட்டை முடிச்சுகளைக் கையாளும் நிறுவனத்தில், டிக்கெட் கவுன்டரில், தீயணைப்பில் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிற்க வேண்டும் என்றால் பயிற்சியை ஓடுதளம் போடும்போதே தொடங்கவேண்டும். திறப்பு விழாவுக்கு அப்புறம் தொடங்கினால் அந்த இடங்களில் வெளியூர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

விமான நிலைய ஆணையத்தில் 'அவ்சர்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு முனையத்துக்குள் சின்ன இடம் கொடுப்பார்கள், 15 நாளுக்கு ஒரு குழு என்று முறை வைத்து. எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் பெட்டி இல்லாமல் இங்கே யாரும் விமானம் ஏறமாட்டார்கள், அதனால் இந்த ஊருக்கு இது பொருந்திவருகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் கிராமத்துப் பெண்கள் கைக்கு நேராகப் போகிற காசு இது, அதனால் கேட்டு வாங்குங்கள்.

பணம் வெளியே போகும் வழியையும் யாரும் சொல்வதில்லை. டிக்கெட் மலிந்தால் திருநெல்வேலியில் பார்க்கவேண்டிய வைத்தியத்தைச் சென்னையில் பார்ப்பார்கள், கல்யாண ஜவுளியை அங்கே எடுப்பார்கள், படித்த பிள்ளை பெங்களூரிலேயே இருந்துகொண்டு "நினைத்தால் வந்துவிடலாம்" என்று வீடு வாங்கிவிடும். வரவு எவ்வளவு என்று கணக்குப் போடும் அறிக்கைகளில் இந்தப் போக்கு ஒரு வரியாகக்கூட இருக்காது.

உங்கள் பகுதியில் இப்போது ஓடும் விமானத்தில் இருக்கை கிடைக்காமல் ஆட்கள் வேறு ஊருக்குப் போகிறார்களா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் விரிவாக்கத்தை ஆதரித்துவிட்டு, மேலே சொன்ன கிடங்கு, பயிற்சி, பத்திர விலை மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். இருக்கிற விமானமே பாதி காலியாகப் போகிறது என்றால் நிலத்தைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். அந்தக் காசில் பக்கத்து ஊர் விமான நிலையத்துக்கு நல்ல சாலையும் நேரத்துக்கு ஒரு பேருந்தும் கேட்பது உங்கள் ஊருக்குக் கூடுதல் பலன் தரும்.