புராக்ஸ்மாக்ஸில் எல்லா மெய்நிகர் கணினிகளிலும் சாம்பல் நிறக் கேள்விக்குறி ஏன்?

புராக்ஸ்மாக்ஸ் என்பது ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள். உங்கள் மெய்நிகர் கணினிகள் வேலை செய்கின்றன, பயனர்களிடமிருந்து புகாரும் இல்லை, ஆனால் மேலாண்மைத் திரையில் நிலை 'தெரியவில்லை' என்று காட்டுகிறது என எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: தயவுசெய்து சர்வரை உடனே ரீபூட் செய்யாதீர்கள். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தனித்தனி கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) செயல்முறையாக ஓடுகிறது. திரைக்குத் தகவல் வராததால் அது நின்றுவிடாது. கட்டளை வரியில் 'கியூஎம் லிஸ்ட்' (qm list) கொடுத்து உண்மை நிலையைப் பாருங்கள்.

நிலையைத் திரட்டித் தருவது பிவிஇ-ஸ்டாட்-டி (pvestatd) என்ற பின்னணிச் சேவை. சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை கணினிகளையும் சேமிப்பகங்களையும் அது விசாரிக்கிறது. பெரும்பாலும் அது சிக்குவது சேமிப்பகத்தில்தான். பேக்கப்புக்காக இணைத்த என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) சர்வர் அணைந்துபோனால், பதிலுக்காகக் காத்தே சேவை உறைந்துவிடக்கூடும். முக்கியமில்லாத ஒரு பேக்கப் பெட்டி முழுத் திரையையும் குருடாக்கிவிடுகிறது!

சேமிப்பகங்களின் நிலையைக் காட்டும் 'பிவிஇஎஸ்எம் ஸ்டேட்டஸ்' (pvesm status) கட்டளை எந்தச் சேமிப்பகத்தில் தொங்குகிறது என்று கவனியுங்கள். அந்தச் சேமிப்பகத்தை மீண்டும் இயக்குங்கள். முடியாவிட்டால் அமைப்பில் அதை முடக்கிவிட்டு, பழைய இணைப்பை வலுக்கட்டாயமாக அவிழ்த்துவிடுங்கள். பிறகுதான் சேவையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வரிசை மாறினால் கேள்விக்குறி மீண்டும் வரும்.

சேவைச் செயல்முறை 'டி' நிலையில் (குறுக்கிட முடியாத காத்திருப்பில்) மாட்டியிருந்தால் கில் கட்டளைக்கும் மசியாது. அப்போது மட்டும், மெய்நிகர் கணினிகளை உள்ளிருந்தே முறையாக நிறுத்திய பிறகு, ரீபூட் செய்யலாம்.

கிளஸ்டரில் (ஒன்றாக இணைத்த பல சர்வர்களில்) ஒரே ஒரு சர்வர் மட்டும் சாம்பலாகத் தெரிந்தால், அதன் பிவிஇ-ஸ்டாட்-டி சேவையோடு, சர்வர்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் கோரோசிங்க் இணைப்பையும் பாருங்கள்.